நாற்பதில் நின்ற கோடு

ஜனவரி 4

இருக்கிறது. காற்று என்று சொல்லக் கூச்சப்படும் அளவுக்குத்தான், ஆனாலும் இருக்கிறது. நிலவின் தரையிலிருந்து அணுக்கள் எழுகின்றன, மறுபடி விழுகின்றன. ஒன்றை ஒன்று சந்திப்பதில்லை. அவ்வளவு இடைவெளி. இரவில் தரை குளிர்ந்ததும் ஆர்கான் அணுக்கள் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். விடியும்போது விடுபட்டு எழும். அந்த எழுதலை எண்ணத்தான் இந்தக் கருவி.

இதில் எதையும் அந்தக் காவலரிடம் சொல்லவில்லை. ஏவுதள வாசலில் என் பையைச் சோதித்துக்கொண்டே, "நிலாவுலதான் காத்தே கெடையாதே, அங்க போயி என்னத்தம்மா அளக்கப் போறீங்க?" என்று கேட்டார். சிரித்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன். பதில் இப்போது வருகிறது, அறையில், கேட்டவர் இல்லாதபோது.

பெங்களூர் ஆய்வகத்திலிருந்து கருவி பத்திரமாக வந்து சேர்ந்தது. லாரியில் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தேன். ஒரு பிரஷர் குக்கர் அளவுதான். இதைச் செய்ய ஏழு வருடம்.

விடுதி முதல் மாடி. கடல் தெரியாத பக்கம். ஜன்னலுக்கு வெளியே சீமைக்கருவேலம், அதற்கப்பால் உப்புத் தரை.

ஜனவரி 6

கருவிக்குள் எப்போதும் உலர்ந்த நைட்ரஜன் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஈரம் புகுந்தால் கெட்டுவிடும். ஒரு சிலிண்டர், ஒரு குழாய், ஒரு அளவுமானி. விண்கலத்தில் பொருத்தும் நாள்வரை யாராவது ஒருவர் அந்த முள்ளைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பகல் முழுக்க என் முறை. மாலைக்குப் பிறகு கேஸ் பிரிவு ஆட்கள்.

கேஸ் பிரிவு எஞ்சினியர் ஜுலைகா எனக்கு அடுத்த அறை. காயல்பட்டினம். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். வந்த அன்றே என்னை டி போட்டுப் பேச ஆரம்பித்துவிட்டாள்.

தூய்மை அறைக்குள் பவுடர் கூடாது, பூ கூடாது, தேங்காயெண்ணெய் கூடாது, பொட்டு கூடாது. கண்ணாடி முன்னால் நின்று நான் பொட்டை எடுப்பதைப் பார்த்து, "எங்களுக்கு இந்த வேலையே இல்ல பாரு, லாபம்" என்றாள்.

சிரித்தேன். ரொம்ப நாளாயிற்று போல. கன்னம் வலித்தது.

ஜனவரி 9

மதுரையிலிருந்து என் கணவன் அகிலன் அழைத்தான்.

"ஓனர் மார்ச்சோட காலி பண்ணச் சொல்றாரு. திருப்பாலை பக்கம் சின்னதா ஒண்ணு பாத்திருக்கேன்."

"எவ்வளவு சின்னது?"

"ஒரு ரூம். எனக்குப் போதும்."

"சரி."

"உன் புக்ஸ்லாம் என்ன பண்ண?"

"அட்டைப்பெட்டியில போட்டு வை."

"போட்டு?"

இங்கே சிக்னல் சரியில்லை. ஜன்னல் ஓரமாக நின்றால்தான் கிடைக்கிறது. நான் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன்.

ஜனவரி 12

வாரச் சோதனை. கருவியைப் பம்போடு இணைத்து, உள்ளே இருப்பதையெல்லாம் உறிஞ்சிவிட்டு, என்ன மிஞ்சுகிறது என்று பார்ப்பது. திரையில் ஒவ்வொரு வாயுவும் அதன் எடைக்குரிய எண்ணில் ஒரு கோடாக நிற்கும். பதினெட்டில் தண்ணீர். இருபத்தெட்டில் நைட்ரஜன். நாற்பதில் ஆர்கான், கண்ணைச் சுருக்கினால்தான் தெரியும் அளவுக்கு. சுத்தம்.

பெங்களூரில் வரதராஜன் சாருக்குப் படம் அனுப்பினேன். குழுத் தலைவர். கட்டைவிரல் ஒன்று அனுப்பினார்.

மேலே போனதும் கருவியின் மூடி பல வாரங்கள் திறக்காது. அதுவரை அது தன்னைத்தானே அளந்துகொண்டிருக்கும். தன் உலோகம், தன் பசை, தன் கம்பிகள் விடும் மூச்சை. பிறகு மூடியைத் திறந்து, வருவதிலிருந்து அதைக் கழித்துவிட வேண்டும். தன்னைக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் நிலவு.

கருவி வேலை தொடங்கிய முதல் வருடம், கல்லூரி மாணவர்களுக்கு இதைச் சொல்லும்போது எனக்குக் குரல் மாறும் என்று அகிலன் கிண்டல் செய்வான். அவன் அந்தக் கல்லூரியில் வேறு துறை ஆசிரியன், ஆனாலும் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்திருப்பான்.

ஜனவரி 14

"நாளைக்குப் பொங்கலு. இங்க ஒக்காந்து அந்த முள்ளையே மொறச்சிக்கிட்டு இருக்கப் போறியா?"

"என் முறை ஜுலைகா."

"எனக்கென்ன பொங்கலா? பெருநாளைக்கு நீ பாரு, நாளைக்கு நான் பாக்குறேன். போயி மாப்பிள்ளையோட ஒரு வாய் தின்னுட்டு வா. உன் புள்ளைய நான் பாத்துக்கிடுறேன்."

கருவியை அவள் அப்படித்தான் சொல்வாள். முதலில் சங்கடமாக இருந்தது. இப்போது பழகிவிட்டது.

ஜனவரி 15

போனேன். வந்தேன். பஸ்ஸில் கரும்புக் கட்டுகள்.

ஜனவரி 16

"மாப்பிள்ள என்ன சமைச்சாரு?"

"சர்க்கரைப் பொங்கல். நெய் அதிகம்."

"பாத்தியா, நல்ல மனுசன்."

நேற்று அகிலன் வீட்டுப் பால்கனிக் கொடியில் ஒரே ஒரு துண்டு காய்ந்துகொண்டிருந்தது. எதிரே மருந்துக் கடை. படியேறாமல் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றதில் கடைக்காரர் என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டார். தலைவலி மாத்திரை வாங்கினேன். தலை வலிக்கவில்லை.

ஜனவரி 19

வாரச் சோதனை. நாற்பதில் ஒரு கோடு, திரையின் உச்சியைத் தொட்டுக்கொண்டு.

பம்பை ஓடவிட்டேன். தண்ணீர் இறங்கியது. நைட்ரஜன் இறங்கியது. நாற்பது பாதிவரை இறங்கி நின்றுவிட்டது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். நின்ற இடத்திலேயே நின்றது.

வெளிக்காற்று கசிந்திருந்தால் ஆக்ஸிஜனும் கூடவே வந்திருக்கும். முப்பத்திரண்டில் ஒன்றுமில்லை. ஆர்கான் மட்டும். இங்கே ஆர்கானுக்கு என்ன வேலை?

ஜனவரி 20

கேன்டீன். ஜுலைகா மீன் குழம்பில் முள் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"பொங்கலன்னைக்கு சிலிண்டர் மாத்துனியா?"

"மாத்தாம? மத்தியானமே முள்ளு எறங்கிப் போச்சுல்லா. ஸ்டோர்ல ஒண்ணும் இல்ல, கேஸ் கம்பெனிக்காரன் போனே எடுக்கல. பொங்கல் லீவு அவனுக்கு. உன் புள்ள மூச்சடைச்சிப் போவுமேன்னு நானே வெல்டிங் ஷெட்டுல இருந்து உருட்டிட்டு வந்தேன்."

"எதை?"

"ஆர்கான. நல்ல சுத்தமான சரக்கு. நைட்ரஜனவிட ஒசத்தி. நீ அங்க பொங்கல் தின்ன, உன் புள்ளைக்கு நான் இங்க பிரியாணி போட்டேன்னு வச்சுக்கோ. மறுநா லாரி வந்ததும் பழைய கஞ்சிக்கே மாத்திட்டேன்." சிரித்தாள். "போர்டுல எழுதிப் போட்டிருந்தேனே, பாக்கலியா?"

பார்க்கவில்லை. திரும்பி வந்த அன்று எதையும் பார்க்கவில்லை.

வேறு எந்தக் கருவியாக இருந்திருந்தாலும் அவள் செய்ததுதான் சரி. ஈரமில்லாத வாயு. எதனோடும் சேராத வாயு. எதையும் கெடுக்காது. கெட்டிக்காரத்தனம் என்று மேலிடத்தில் பாராட்டியிருப்பார்கள். நிலவில் நாங்கள் தேடிப் போவது அதே வாயுவாக இல்லாமல் இருந்திருந்தால்.

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

"மீன் புடிக்கலன்னா இங்க தள்ளு" என்றாள்.

ஜனவரி 21

புரிந்துவிட்டது. கருவியில் சின்னச் சின்னத் திருகாணிகள் நிறைய. ஒவ்வொரு ஆணியின் நுனிக்கும் துளையின் அடிக்கும் நடுவில் ஒரு மிளகு அளவு இடம் இருக்கும். பொங்கலன்று ஆர்கான் அங்கேயெல்லாம் போய்த் தங்கிவிட்டது. திருகுப் புரியின் இடுக்கு வழியாக அது வெளியே வர மாதக்கணக்கில் ஆகும். கருவியை அடுப்பில் வைத்துச் சூடாக்கிக்கொண்டே உறிஞ்சினால் போய்விடும். அந்த அடுப்பு பெங்களூரில் இருக்கிறது. போகவர, சுட, ஆற, மறுபடி சோதிக்க வாரக்கணக்கில் ஆகும். கலத்தில் பொருத்துவது திங்கட்கிழமை.

வரதராஜன் சாரை அழைத்தேன். முழுவதும் கேட்டார்.

"கழிச்சிடலாமேம்மா. மூடி தொறக்கறதுக்கு முன்னாடி அளந்து வச்சுக்கிட்டு."

"ஒரே அளவா வந்தா கழிக்கலாம் சார். இது சூட்டுக்கு ஏத்த மாதிரி மாறும். கலம் இருட்டுல இருக்கும்போது அடங்கியிருக்கும், வெயிலுக்கு வந்ததும் கிளம்பும்."

மீதியை அவரே முடித்தார்.

"நிலாவோட ஆர்கானும் வெயில் பட்டாத்தான் கிளம்பும்."

"ஆமா சார். ரெண்டும் ஒரே மாதிரி ஏறும், ஒரே மாதிரி இறங்கும். எது நிலவு, எது நம்ம ஆணின்னு பிரிக்கவே முடியாது. பாக்கறதுக்கு ரொம்ப அழகா வரும் சார். நாம எதிர்பார்த்ததைவிட அழகா."

"யாராலயும் கண்டுபிடிக்க முடியாது, இல்ல?"

"முடியாது."

"நான் ஜூன்ல ஓய்வு பெறுறேன் தேன்மொழி. உனக்குத் தெரியும். நான் எதுவும் சொல்லல. நீ தயார்னு கையெழுத்துப் போட்டா பறக்கும். இல்லன்னா அந்த இடத்துல அதே எடைக்கு ஒரு கட்டியப் போட்டு அனுப்பிடுவாங்க. ராக்கெட் நமக்காக நிக்காது" என்றார்.

அடுத்த வாய்ப்பு எப்போது என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஜனவரி 22

துணி துவைத்தேன். எல்லாவற்றையும். அழுக்கில்லாததையும்.

ஜனவரி 23

ஜுலைகாவிடம் சொன்னேன். கூட்டத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளக் கூடாது என்று. அவள் அறையில், அவள் கட்டிலில் உட்கார்ந்து. அவள் தரையில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். பாதியில் நிறுத்திவிட்டாள்.

"நீ கையெழுத்துப் போட்டா பறந்துரும். அப்பிடித்தானே?"

"ஆமா."

"அப்பப் போடு."

"போட்டா, நிலவுல ஆர்கான் இவ்வளவு இருக்குன்னு நான் எழுதுவேன். உலகம் பூரா அதப் படிப்பாங்க. அது உங்க வெல்டிங் ஷெட் ஆர்கானா இருக்கும்."

"எங்க வாப்பா கேட்டா சந்தோசப்படுவாரு." சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "ஏழு வருசம்டி. ஏழு வருசத்த ஒரு சிலிண்டருக்குப் போய்..."

"நீ வேணும்னு பண்ணல."

"அதச் சொல்லாத. வேணும்னு பண்ணியிருந்தா எனக்கு இவ்வளவு கஷ்டமா இருக்காது." நகவெட்டியை எடுத்து மூடினாள். "மத்ததெல்லாம் நல்லாத்தானே இருக்கு? ஹீலியம், நியான், என்னன்னவோ சொன்னியே. அத மட்டும் அளந்துட்டு இத விட்டுரு."

"ஆர்கானுக்காகத்தான் எடம் கொடுத்தாங்க. அது இல்லன்னு தெரிஞ்சா இந்த எடையில வேற ஏதாவது ஏத்துவாங்க."

"அப்ப தெரியாம பாத்துக்க."

கட்டில் விரிப்பின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தேன்.

"நீ இப்பிடி கம்முனு உக்காந்திருக்கியே, இதத்தான்டி என்னால தாங்க முடியல. கத்து. என்ன நாலு வார்த்த கேளு. வீட்டுலயும் இப்பிடித்தான் இருப்பியா?"

என் அறைக்கு வந்துவிட்டேன்.

ஜனவரி 24

கூட்டம். நீள மேசை. திட்ட இயக்குநர், பாதுகாப்பு, எடைப் பிரிவு, இன்னும் சிலர். கோடு இருந்த படத்தைச் சுவரில் போட்டேன். சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை குரல் நன்றாகவே இருந்தது.

இயக்குநர் கெட்டவர் இல்லை. "வெவரம் தெரிஞ்சு நீங்களே வந்து சொன்னதுக்கு நன்றி" என்றார். பிறகு எடைப் பிரிவு பக்கம் திரும்பி, "மாற்று எடை தயார் பண்ணிடுங்க" என்றார். இரண்டுக்கும் நடுவில் ஒரு பிஸ்கட் கடித்தார்.

பதினைந்தாம் தேதி யார் முறை என்று கேட்டார்கள்.

"என்னோடது."

ஜுலைகா எழுந்து நின்றாள். "அவங்கள அனுப்புனது நான்தான் சார். சிலிண்டர் மாத்துனதும் நான்தான்."

"நீங்க எங்க போயிருந்தீங்க தேன்மொழி?"

"மதுரைக்கு. பொங்கல். கணவரோட."

எழுதிக்கொண்டார்கள். இன்று நான் சொன்னவற்றில் சோதித்துப் பார்க்க முடியாதது அது ஒன்றுதான்.

ஜனவரி 25

கட்டியை நானே வரைந்தேன். கருவியின் எடை, ஈர்ப்பு மையம், திருகாணித் துளைகளின் இடம் எல்லாம் என்னிடம்தான் இருக்கின்றன. வேறு யார் வரைவது? உள்ளே ஒன்றுமில்லாததால் வரைவது சுலபம். அரை நாளில் முடிந்துவிட்டது.

பட்டறையில் கேட்டார்கள். "மேல என்ன பேரு பொறிக்கட்டும் மேடம்? ஏதாவது பொறிச்சாத்தான் பொருத்துறவங்களுக்குத் தெரியும்."

"எடைன்னு போடுங்க."

"வெறும் எடையா?"

"வெறும் எடை."

ஜனவரி 26

அலுமினியக் கட்டி வந்தது. பளபளவென்று. கூர்மையான விளிம்புகள். அதுவும் நிலவுக்குப் போவதால் அதுவும் சுத்தமாக இருக்க வேண்டும். பொட்டை எடுத்துவிட்டு உள்ளே போய், ஆல்கஹால் நனைத்த துணியால் நானே துடைத்தேன். ஒரு பக்கம், அடுத்த பக்கம். கருவியைத் துடைக்கும்போது மூலைகளுக்காகப் பஞ்சுக் குச்சி வேண்டியிருக்கும். இதற்குத் தேவைப்படவில்லை.

இதற்கு நைட்ரஜனும் வேண்டாம். யாரும் பார்த்துக்கொண்டிருக்கவும் வேண்டாம்.

ஜனவரி 27

பொருத்திவிட்டார்கள். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது. "ஃபர்ஸ்ட் கிளாஸ் டிராயிங்" என்று ஒருவர் கையைக் காட்டினார்.

ஜனவரி 30

ஜுலைகாவை சிலிண்டர் ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். தண்டனை இல்லை, தற்காலிக ஏற்பாடு என்று காகிதம் சொல்கிறது. அவளிடமிருந்து அல்ல, நோட்டீஸ் போர்டிலிருந்து தெரிந்துகொண்டேன்.

கேன்டீனில் வேறு மேசை. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் வாளியை இழுக்கும் சத்தம். குழாய் திறக்கும் சத்தம். உம்மாவோடு போனில் பேசும்போது மட்டும் குரல் உயர்கிறது. நான் அறையில் இருப்பது அவளுக்கும் இப்படித்தான் கேட்கும். குழாயும் வாளியும். போன் இல்லாமல்.

பிப்ரவரி 2

எனக்கு இங்கே இனி வேலை இல்லை. கருவி பெட்டிக்குள். அதை ஏற்றிப் போக வேண்டிய லாரி, ஏவிய பிறகுதான் இந்தப் பக்கம் வருமாம். காத்திரு என்றார்கள். காத்திருக்கிறேன்.

காலையில் கடற்கரைவரை நடந்தேன். கூழைக்கடா ஒன்று தனியாக நீரில் நின்றது. நானும் கொஞ்சம் நின்றேன். அது பறந்தது.

பிப்ரவரி 5

பயணிக்கும் கருவிகளின் பட்டியலைப் பத்திரிகைகளுக்கு டிசம்பரிலேயே கொடுத்துவிட்டார்களாம். திருத்திக் கொடுக்க யாருக்கும் நேரமில்லை. அல்லது மனமில்லை. தமிழ் நாளிதழ் ஒன்றில் என் பெயர், கூடவே மங்கலாக என் கல்லூரிக் காலப் படம். "நிலவின் காற்றை நுகரப் போகும் தமிழ்ப் பெண்ணின் கருவி." அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாளாம். மாமா வாட்ஸப்பில் ஒரு ரோஜா அனுப்பியிருக்கிறார்.

எல்லோருக்கும் நன்றி என்று பதில் போட்டேன்.

பிப்ரவரி 11

ஏவும் நாள். காலை வெயில்.

கட்டுப்பாட்டு அறையில் எனக்கு நாற்காலி இல்லை. அது கருவி உள்ளவர்களுக்கு. விடுதி மொட்டைமாடிக்குப் போனேன். சமையல்காரர்கள், இரண்டு டிரைவர்கள், கேட்டில் பார்த்த அந்தக் காவலர். கைப்பிடிச் சுவரின் மறுகோடியில் ஜுலைகா. என்னைப் பார்த்தாள். பிறகு மரங்களுக்கு மேலே பார்த்தாள்.

முதலில் வெளிச்சம். பிறகு அது மேலே போயிற்று. சத்தம் ரொம்பத் தாமதமாக வந்தது, நெஞ்சுக்குள் யாரோ பலகையைத் தட்டுவது போல. கீழே வராந்தாவில் ஒரு ஜன்னல் கதவு தானாக ஆடிற்று. காவலர் கைதட்டினார். எல்லோரும் தட்டினார்கள். நானும்.

புகை கலையும்போது பக்கத்தில் குரல்.

"உன் அலுமினியம் போவுதுடி."

"ம்."

"நல்லாத்தான் போவுது."

அவ்வளவுதான். இறங்கிப் போய்விட்டாள். படியில் அவள் செருப்புச் சத்தம் பாதியில் நின்றது. பிறகு தொடர்ந்தது.

வெகுநேரம் மாடியிலேயே நின்றுவிட்டு அறைக்கு வந்தபோது போன் அடித்துக்கொண்டிருந்தது. அகிலன்.

"பாத்தேன். டிவில. காலேஜ் ஸ்டாஃப் ரூம்ல எல்லாரும் பாத்தோம், பாத்துட்டு நேரா வீட்டுக்கு வந்துட்டேன். அங்க வச்சுப் பேச முடியல." மூச்சு வாங்கினான். "உன்னோடது மேல போயிடுச்சு."

"ஆமா."

"பேப்பர்ல போட்டதக்கூட வெட்டி வச்சிருக்கேன். சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். அந்தக் கருவி மேல எனக்கு அவ்வளவு கோவம் இருந்துச்சு. அது போனா நீ வீட்டுக்கு வந்துருவேன்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன். வருஷக்கணக்கா. இப்ப அப்பிடி எதுவும் கேக்கல. அது போயிடுச்சு, நீ ஜெயிச்சுட்ட. அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

"தேங்க்ஸ்."

"சரி. வைக்கிறேன்."

வைத்துவிட்டான்.

கட்டிலில் உட்கார்ந்தேன். அவனுக்கு அது வானத்தில் போய்க்கொண்டிருக்கிறது. அம்மாவுக்கும், தெருவுக்கும், மாமாவுக்கும். யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அடுத்த வருடம் முடிவுகள் ஏன் வரவில்லை என்று கேட்க அவர்களில் ஒருவருக்கும் தோன்றாது. அவன் ஒருவனுக்குத் தோன்றும். கேட்க மாட்டான்.

எழுந்து ஜன்னல் ஓரமாகப் போனேன். நானே அழைத்தேன்.

"அதுல இல்ல" என்றேன்.

"எது?"

"என்னோடது. போகல. அதுக்குப் பதிலா ஒரு அலுமினியக் கட்டி போகுது. கருவி பொங்கலப்பவே கெட்டுப்போச்சு, நான்தான் சொல்லி எடுக்க வச்சேன்."

துண்டித்துவிட்டான் என்று நினைத்துத் திரையைப் பார்த்தேன். இல்லை.

"இப்பதானே கேட்டேன். ஏன் ஆமான்னு சொன்ன?"

"நீ சந்தோஷமா சொன்ன."

"நான் ஒண்ணும் சந்தோஷமா சொல்லல" என்றான்.

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. மறுபடியும் அடித்தது.

"பருப்பு. அடுப்ப அணைச்சிட்டு வர்றேன்" என்றான். "வச்சிடாத."

வைக்கவில்லை. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, ஜன்னல் கம்பியில் காய்ந்திருந்த துணிகளை எடுத்து மடித்தேன்.